ஊர் மாறும் ஆட்டக் குழுக்கள்



மைசூர் நகரத்தில் மண்டி மொஹல்லா என்று ஒரு பகுதி உண்டு. 'மண்டி' என்ற சொல்லைத் தமிழர்களாகிய நமக்கு விளக்க வேண்டியதில்லை. அரிசி மண்டி, வெல்ல மண்டி, வாழைக்காய் மண்டி என்று நம் ஊர்க் கடைத்தெருக்களில் நாம் நாள்தோறும் வழங்கிவரும் சொல்தான் அது. 'மொஹல்லா' என்பது நகரின் ஒரு வட்டாரத்தைக் குறிக்கும் உருதுச் சொல். சரக்கு வந்து இறங்கும் வட்டாரம் என்பதே அப்பெயரின் பொருள்.

மண்டிக்கு வரும் சரக்குக்கு ஊர்ப் பற்றுக் கிடையாது. எங்கே விலை கூடுதலாகக் கிடைக்கிறதோ அங்கே அது போய்ச் சேரும். அதில் குற்றம் காண எவரும் இல்லை. மனிதனும் பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் போகிறான். ஆனால் அவன் சரக்கு அல்லன். போகும்போது தன் ஊரின் பெயரையும், மொழியையும், நினைவுகளையும் சுமந்து செல்கிறான். இதனை மைசூரிலும், பெங்களூரிலும், மும்பையிலும், டில்லியிலும் வாழும் நேயர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்விரண்டுக்கும் இடையில் ஒன்று இருக்கிறது. ஓர் ஊரின் பெயரைத் தாங்கி, அவ்வூராரின் ஆரவாரத்தில் வளர்ந்து, பிறகு ஒரு நாள் வேறோர் ஊருக்குக் குடிபெயர்ந்துவிடும் ஆட்டக் குழுவே அது. அது மண்டிச் சரக்கா, அல்லது ஊரின் சொத்தா? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களுடன் சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

நமக்கு மிக அருகில் நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவோம்.

2018ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி, சென்னைச் சேப்பாக்கம் மைதானத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி கொல்கத்தா அணியை எதிர்த்து ஆடியது. இரண்டாண்டுத் தடை முடிந்து, அவ்வணி தன் சொந்த மைதானத்துக்குத் திரும்பிய நாள் அது. கொல்கத்தா எடுத்த 202 ஓட்டங்களைக் கடைசி ஓவரில், ஒரு பந்து மிச்சமிருக்கையில், சென்னை கடந்து வென்றது. ஆயினும் அன்று மைதானத்துக்கு வெளியே பெரும் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. காவிரி வழக்கில் அவ்வாண்டு பிப்ரவரி 16ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதன்படி மேலாண்மை வாரியம் அமைக்கப்பட வேண்டும் என்று தமிழ்நாடெங்கும் கிளர்ச்சி எழுந்திருந்த வேளை அது. ஆட்டத்தின் நடுவே அரங்கிலிருந்து காலணிகள் வீசப்பட்டன. மறுநாளே சென்னையில் நடக்கவிருந்த மற்ற ஆட்டங்களை வேறிடத்துக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. அணி புனேக்குச் சென்றது.

மண்டி மொஹல்லாவில் வாழும் ஒரு தமிழரின் நிலையில் நின்று இதனை எண்ணிப் பாருங்கள். அவர் குடிப்பது காவிரித் தண்ணீர். ஆற்றின் குறுக்கே நிற்கும் கண்ணம்பாடி அணை அவருடைய ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. ஆறு எந்த ஊரிலிருந்து பாய்கிறதோ அந்தப் பக்கத்தில் அவர் வீடு. எந்த ஊருக்குப் பாய்கிறதோ அந்தப் பக்கத்தில் அவர் உறவினர். அவ்வாற்றைப் பற்றிய வழக்கினால் அவருடைய அபிமான அணி, அவரைப் போலவே, தாய் ஊரை விட்டு வெளியேறிவிட்டது!

ஏப்ரல் 19ஆம் தேதி சென்னையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் அபிமானிகளை ஏற்றிக்கொண்டு ஒரு தனி இரயில் புனேக்குப் புறப்பட்டது. 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்று அதற்குப் பெயர். மறுநாள் ராஜஸ்தான் அணியுடன் நடந்த ஆட்டத்தில் மஞ்சள் சட்டை அணிந்த கூட்டம் புனே அரங்கைச் சேப்பாக்கமாகவே மாற்றிவிட்டது. புனேயில் ஆடிய ஆறு ஆட்டங்களில் ஐந்தில் சென்னை வென்றது. மே 27ஆம் தேதி மும்பையில் கோப்பையையும் பெற்றது. 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் மீண்டும் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது.

அந்த ஒரு பருவத்தில் நாம் கண்டது என்ன? ஆடிய மண் மாறியது, பெயர் மாறவில்லை. சென்னை என்ற பெயரோடுதான் அவ்வணி புனேயில் ஆடியது. திரும்பி வரும் என்ற நம்பிக்கையும் இருந்தது. ஆகையால் அதனைப் பிரிவு என்றுதான் சொல்ல வேண்டும். இழப்பு என்று சொல்வதற்கில்லை. இழப்பு எப்படிப்பட்டது என்பதை அறிய வேண்டுமானால், கடல் கடந்து அமெரிக்காவைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கர்கள் உயிராக நேசிக்கும் ஆட்டம் பேஸ்பால். பந்தெறிபவர் ஒருவர், மட்டையால் அடிப்பவர் ஒருவர், ஓடிச் சேர வேண்டிய தளங்கள் நான்கு என்ற அளவில் கிரிக்கெட்டின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று அதனைச் சொல்லலாம். 1903 முதல் 1952 வரை ஐம்பது பருவங்கள் முதல்தர பேஸ்பாலில் 16 அணிகள் இருந்தன. பத்து நகரங்களுக்குள் அவை அடங்கியிருந்தன. அந்த ஐம்பதாண்டில் ஓர் அணிகூட ஊர் மாறவில்லை. மேற்கே செயின்ட் லூயிஸ் நகரமே எல்லை. அதற்கு அப்பால் இரயிலில் போய் ஆடிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குத் திரும்புவது இயலாத காரியமாக இருந்தது.

முதலில் அசைந்தது பாஸ்டன் நகரின் பிரேவ்ஸ் அணி. ஒரே ஊரில் இரண்டு அணிகள் இருந்தால் ஒன்றுக்கு வாழ்வும் மற்றொன்றுக்குத் தாழ்வும் நேர்வது இயல்பு. 1952ஆம் ஆண்டு முழுவதும் பிரேவ்ஸ் அணியின் சொந்த மைதான ஆட்டங்களைக் காண வந்தோர் 2,81,278 பேர்தான். மறு ஆண்டு மில்வாக்கி நகருக்கு அவ்வணி குடிபெயர்ந்தது. அங்கே ஒரே பருவத்தில் 18,26,397 பேர் வந்தனர். இவ்விரண்டு எண்களையும் மற்ற அணிகளின் உரிமையாளர்கள் ஊன்றிப் படித்தார்கள். 1954இல் செயின்ட் லூயிஸ் அணியொன்று பால்டிமோருக்குச் சென்றது. 1955இல் பிலடெல்பியா அணியொன்று கன்சாஸ் நகருக்குச் சென்றது. இம்மூன்றும், இரண்டு அணிகள் இருந்த ஊரிலிருந்து கூட்டம் சேராத ஓர் அணி வெளியேறிய கதைகள். இவற்றைப் பிழைப்புக்காகப் போனவை என்று சொல்லலாம். வயிற்றுக்கு இல்லாமல் ஊரை விட்டவனை நாம் குறை கூற மாட்டோம்.

அடுத்து நடந்தது வேறு வகை.

நியூயார்க்கின் ஒரு பகுதி புருக்ளின். 1898 வரை அது தனி நகரமாகவே இருந்தது. இத்தாலியர், யூதர், அயர்லாந்துக்காரர், தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்கள் என்று பலதிறத்தாரும் அடர்ந்து வாழ்ந்த ஊர். நியூயார்க்கோடு இணைந்த பிறகு, தமக்கென்று ஒரு பெயரைப் புருக்ளின் மக்கள் தாங்கி நின்றது அவர்களுடைய பேஸ்பால் அணியின் வழியாகவே. டாட்ஜர்ஸ் என்பது அவ்வணியின் பெயர். புருக்ளின் தெருக்களில் ட்ராம் வண்டிகளுக்கு விலகி ஓடியவர்கள் என்பதிலிருந்து அப்பெயர் பிறந்தது. 1947இல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரரைச் சேர்த்துக்கொண்டு, முதல்தர பேஸ்பாலில் நெடுங்காலம் நிலவிய நிறத்தடையை உடைத்ததும் அவ்வணிதான். 1955இல் உலகத் தொடர் என வழங்கும் இறுதிப் போட்டியில் முதன்முறையாக வென்றது.

இரண்டே ஆண்டுகளில் அது புறப்பட்டுவிட்டது. கூட்டம் வராமல் போனதால் அன்று. 1957ஆம் ஆண்டிலும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்திருந்தனர். மைதானம் 1913இல் கட்டப்பட்டது, சிறியது, புறநகர்களுக்குக் குடியேறிவிட்ட அபிமானிகள் காரில் வந்தால் நிறுத்த இடமில்லை. புருக்ளினின் நடுவே புதிய அரங்கம் கட்ட நிலம் வேண்டும் என்று உரிமையாளர் வால்டர் ஓ'மாலி கேட்டார். நகரின் கட்டுமானங்களை ஆட்டிப்படைத்த இராபர்ட் மோசஸ் அதற்கு இசையவில்லை. குவீன்ஸ் பகுதியில் நிலம் தருவதாகச் சொன்னார். அந்த இழுபறியின் நடுவே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தன் கதவைத் திறந்து வைத்தது. விமானப் போக்குவரத்து பெருகிவிட்டபடியால் தூரம் ஒரு தடையாக இல்லை.

1957ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் தேதி புருக்ளினில் கடைசி ஆட்டம். வந்தவர்கள் 6,702 பேர். அக்டோபர் 8ஆம் தேதி குடிபெயர்ச்சி அறிவிக்கப்பட்டது. 1958 ஏப்ரல் 18ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த முதல் ஆட்டத்துக்கு 78,672 பேர் வந்தனர். புருக்ளினின் பழைய மைதானத்தை 1960இல் இடித்தார்கள். அவ்விடத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. அதே 1958இல் நியூயார்க்கின் மற்றோர் அணியான ஜயண்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குச் சென்றது.

நேயர்களே, இக்கதையில் நாம் மறவாமல் நோக்க வேண்டிய மற்றொரு பக்கமும் உண்டு. வந்த அணிக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் அரங்கம் எழுந்த இடம் சாவேஸ் ரவைன் என்னும் பள்ளத்தாக்கு. அங்கே மூன்று சிற்றூர்களில் மெக்சிகோ வழிவந்த குடும்பங்கள் வாழ்ந்தன. ஏழைகளுக்கு வீடு கட்டித்தரப் போகிறோம் என்று சொல்லித்தான் 1950களின் தொடக்கத்தில் அவர்களை வெளியேற்றத் தொடங்கினார்கள். பிறகு அந்த வீட்டுத் திட்டம் கைவிடப்பட்டது. நிலம் ஆட்டக் குழுவின் கைக்குச் சென்றது. வெளியேற மறுத்த கடைசிச் சில குடும்பங்களை 1959 மே மாதத்தில் காவலர்கள் அப்புறப்படுத்தினார்கள். 1962 ஏப்ரலில் அரங்கம் திறக்கப்பட்டது. ஓர் ஊரில் அணி பறிபோயிற்று. மற்றோர் ஊரில் வீடுகளே பறிபோயின.

அப்படியானால் குடிபெயர்ச்சி எல்லாமே தீமைதானா? அவ்வாறு சொல்வது நேர்மையாகாது. நாட்டின் மேற்குப் பகுதி முழுவதும் முதல்தர ஆட்டத்தைக் காணாமலே இருக்க வேண்டும் என்று விதிக்க எவருக்கு உரிமை? 1966இல் பிரேவ்ஸ் அணி அட்லாண்டாவுக்குச் சென்றபோது அமெரிக்காவின் ஆழ்ந்த தென்பகுதி முதன்முறையாக ஓர் அணியைப் பெற்றது. 1981இல் பெர்னாண்டோ வலென்சுவேலா என்ற மெக்சிகோ இளைஞர் லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்காகப் பந்தெறிந்தபோது, மெக்சிகோ வழிவந்த மக்கள் திரள்திரளாக அந்த அரங்கினுள் வந்தார்கள். புதிய ஊரும் காலப்போக்கில் சொந்த ஊராகிவிடும். புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இது தெரியாததன்று. போவது குற்றமன்று. போகும்போது எவரைக் கேட்டுக்கொண்டு போனார்கள், எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதே கேள்வி.

மில்வாக்கியின் கதை இதனைத் தெளிவாகக் காட்டும். 1953இல் பாஸ்டனிடமிருந்து அணியைப் பெற்று மகிழ்ந்த அதே நகரம், 1957இல் உலகத் தொடரையும் வென்றது. 1965ஆம் ஆண்டுப் பருவத்தோடு அந்த அணியை அட்லாண்டாவிடம் பறிகொடுத்தது. மாநில அரசு வழக்குத் தொடுத்தும் பயனில்லை. பிறகு என்ன செய்தது? 1970இல், சியாட்டில் நகரில் ஒரே ஒரு பருவம் ஆடி நொடித்துப்போன ஓர் அணியை, அடுத்த பருவம் தொடங்கச் சில நாட்களே இருக்கையில் வாங்கிக்கொண்டது. இழந்தவர் இன்னொருவரை இழக்கச் செய்துதான் ஆறுதல் அடைய முடிந்தது. சியாட்டில் மக்களும் வழக்காடி, 1977இல் புதிய அணி ஒன்றைப் பெற்றனர்.

அத்லெட்டிக்ஸ் என்ற அணியின் வரலாறு இன்னும் நீண்டது. பிலடெல்பியாவில் 1954 வரை, கன்சாஸ் நகரில் 1967 வரை, ஓக்லாந்தில் 2024 வரை ஆடியது. ஓக்லாந்துக்கு நான்கு முறை உலகத் தொடரை வென்று தந்த அணி அது. 2024 செப்டம்பர் 26ஆம் தேதி அங்கே கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டுப் புறப்பட்டது. 2025 முதல் சாக்ரமெண்டோ நகரின் சிறிய மைதானம் ஒன்றில் தற்காலிகமாகத் தங்கியது. 2028இல் லாஸ் வேகாஸில் குடியேறுவது உரிமையாளரின் திட்டம்.

இவ்வளவு நிகழ்ச்சிகளையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். வெற்றி பெற்ற அணி ஊரை விட்டுப் போகாது என்று அபிமானிகள் நம்புகிறார்கள். அது வீண் நம்பிக்கை. 1955இல் வென்ற புருக்ளின் 1957இல் இழந்தது. 1957இல் வென்ற மில்வாக்கி 1965இல் இழந்தது. நான்கு முறை வென்ற ஓக்லாந்தும் இழந்தது.

நம் நாட்டிலும் இதுவே நடந்திருக்கிறது. இந்தியக் கால்பந்து சூப்பர் லீகில் 2019ஆம் ஆண்டு டில்லி டைனமோஸ் அணி புவனேசுவரத்துக்குச் சென்று ஒடிசா அணி என்று பெயர் மாறியது. அதே ஆண்டில் புனே அணி மறைந்து அதன் இடத்தில் ஐதராபாத் அணி தோன்றியது. அந்த ஐதராபாத் அணி 2022 மார்ச்சில் லீகின் கோப்பையை வென்றது. ஆயினும் 2025இல் டில்லிக்குப் பெயர்ந்து வேறு பெயர் பூண்டது. இழந்த டில்லி, ஐதராபாத்தின் இழப்பினால் ஓர் அணியைப் பெற்றது. மில்வாக்கியின் கதை நம் நாட்டிலும் எழுதப்பட்டுவிட்டது அல்லவா?

தமிழ்நாட்டுக்குள்ளேயே வருவோம். தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் 2016இல் தொடங்கியபோது முதல் கோப்பையை வென்ற அணி தூத்துக்குடியின் பெயரைத் தாங்கியது. 2021ஆம் ஆண்டுப் பருவத்தில் அவ்வணி சேலம் அணியாக மாறிவிட்டது. காரைக்குடிக் காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆயிற்று. காஞ்சி வீரன்ஸ் நெல்லை அணியாயிற்று. தூத்துக்குடியில் பிறந்து, பிழைப்புக்காக மண்டி மொஹல்லாவுக்கோ மும்பைக்கோ சென்ற ஒருவர், 2016இல் தம் ஊரின் பெயர் கோப்பையில் பொறிக்கப்பட்டதைக் கண்டு நெஞ்சு நிமிர்ந்திருப்பார். ஐந்தாண்டு கழித்துப் பட்டியலைப் பார்த்தால் அந்தப் பெயர் இல்லை. புருக்ளின் மக்கள் தெருவில் நின்று வருந்தியதைப் போல வருந்தவும் அவருக்கு வாய்ப்பில்லை. ஏனெனில் அந்த லீகின் தொடக்கப் பருவ ஆட்டங்கள் சென்னை, திண்டுக்கல் அருகே நத்தம், திருநெல்வேலி ஆகிய மூன்று இடங்களில்தான் நடந்தன. தூத்துக்குடியின் பெயர் ஆடியது. தூத்துக்குடியின் மண்ணில் ஆடவில்லை. வேரில்லாத செடியைப் பிடுங்குவது எளிது.

வெற்றி ஓர் அணியை நிறுத்தாது என்றால், வேறு எதுதான் நிறுத்தும்? மூன்றைச் சொல்லலாம்: மண், உரிமை, பெயர்.

முதலாவது மண். சொந்த மைதானம் நல்ல நிலையில் உள்ள அணி எளிதில் அசைவதில்லை. பாஸ்டனின் இரண்டு அணிகளில் ஒன்று போய்விட்டது; மற்றொன்று 1912இல் திறக்கப்பட்ட அதே மைதானத்தில் இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது. சென்னை அணி புனேயிலிருந்து திரும்பி வந்ததற்கும் சேப்பாக்கம் என்ற மண் காத்திருந்தது ஒரு காரணம்.

மைதானம் இருக்கும் ஊருக்கு ஆட்டமும் ஒருநாள் தானே வந்து சேரும் என்பதற்கு மைசூரே சான்று. 2025 ஜூன் 4ஆம் தேதி பெங்களூரில் வெற்றி விழாக் கூட்ட நெரிசலில் 11 பேர் உயிரிழந்த துயர நிகழ்ச்சிக்குப் பின், பெங்களூரில் நடக்கவிருந்த மகாராஜா கோப்பைப் போட்டிகள் அவ்வாண்டு ஆகஸ்டில் மைசூருக்கு மாற்றப்பட்டன. ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் மைதானத்தில் அவை நடந்தன. மைசூர் பெரும்பாலும் இழந்தே பழகிய ஊர். 1831இல் ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பை எடுத்துக்கொண்டபோது நிர்வாகம் பெங்களூருக்குச் சென்றது. 1935இல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி மைசூரில் தொடங்கிய வானொலி நிலையமும் 1955இல் பெங்களூருக்கே சென்றது. ஆனால் அந்நிலையத்தின் பெயரான 'ஆகாசவாணி', நாட்டு வானொலிக்கே பெயராயிற்று. நிலையம் போயிற்று, பெயர் பிறந்த ஊர் மைசூர் என்ற பெருமை போகவில்லை. 1974இல் மைசூருக்கு மீண்டும் ஒரு நிலையம் வந்தது.

இரண்டாவது உரிமை. அமெரிக்கக் கால்பந்தில் கிரீன் பே என்ற சிறிய ஊரின் அணி 1923 முதல் பொதுமக்கள் பங்கு வாங்கி நடத்திவரும் ஸ்தாபனம். பெருநகரங்கள் எத்தனையோ அணிகளை இழந்திருக்க, அந்தச் சிற்றூர் தன் அணியை இழக்கவில்லை. விற்பதற்குத் தனியொரு முதலாளி அங்கே இல்லை என்பதே காரணம். இங்கிலாந்தில் விம்பிள்டன் கால்பந்து அணி மில்டன் கீன்ஸ் நகருக்குப் போகலாம் என்று 2002இல் அனுமதி கிடைத்தவுடன், அபிமானிகள் அவ்வாண்டிலேயே தாமே ஓர் அணியைத் தொடங்கினார்கள். கீழ்ப் படியிலிருந்து ஏறிவந்து, 2020இல் தம் பழைய மைதானத்துக்கு அருகிலேயே புதிய மைதானத்தில் ஆடத் தொடங்கினார்கள்.

மூன்றாவது பெயர். இதுவே நாம் முதலில் கேட்டுப் பெறத் தக்கது என்று எனக்குத் தோன்றுகிறது. கிளீவ்லாந்து நகரின் கால்பந்து அணியைப் பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக 1995இல் அதன் உரிமையாளர் அறிவித்தார். நகரம் வழக்காடியது. 1996இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஆட்டக்காரர்களும் நிர்வாகமும் போனார்கள். ஆனால் அணியின் பெயர், சட்டையின் நிறம், பழைய வெற்றிகளின் பதிவேடு ஆகிய மூன்றும் கிளீவ்லாந்திலேயே நின்றன. 1999இல் புதிய அணி ஒன்று அதே பெயரோடு அங்கே எழுந்தது. விம்பிள்டனிலும், பழைய அணி வென்ற கோப்பைகள் 2007இல் அவ்வட்டாரத்தின் மெர்ட்டன் நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டன.

நம் நாட்டிலும் இத்தகைய நியதி வேண்டும். ஊரின் பெயரை ஓர் அணிக்கு வழங்கும்போதே, அணி வெளியேறினால் பெயரும் நிறமும் பதிவேடும் அவ்வூருக்கே உரியவை என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். முதலீடு செய்தவருக்குத் தம் முதலை எங்கே கொண்டுபோவது என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. தூத்துக்குடியின் வெற்றி தூத்துக்குடியின் கணக்கில் நிலைத்து நிற்கட்டும் என்பதே நம் வேண்டுகோள். முதலாளி போட்டது பணம். ஊர் போட்டது பெயர். பங்காளிகள் பிரியும்போது அவரவர் போட்டதை அவரவர் எடுத்துக்கொள்வதுதானே முறை? மண்டியில் கணக்கு எழுதுகிறவரைக் கேட்டாலும் இதையே சொல்வார்.

கடைசியாக ஒரு சொல். 1920இல் கல்கத்தாவில் ஒரு கால்பந்துக் கழகம் தொடங்கியது. கிழக்கு வங்காளத்திலிருந்து அந்நகருக்கு வந்தவர்கள் அமைத்த கழகம் அது. ஈஸ்ட் பெங்கால் என்று தாம் விட்டுவந்த நிலத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். 1947இல் நாடு பிரிந்தது. அந்த நிலம் வேற்று நாடாயிற்று. அகதிகளாக வந்த இலட்சக்கணக்கானோர் அக்கழகத்தின் சிவப்பும் பொன்னிறமும் கலந்த கொடியின் கீழ்க் கூடினார்கள். வரைபடத்தில் இல்லாமற்போன கிழக்கு வங்காளம், கல்கத்தாவின் மைதானத்தில் இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது.

பெயரின் ஆற்றல் அத்தகையது. மனிதர் பெயர்ந்தார்கள், பெயர் அவர்களோடு நின்றது. அணிகள் குடிபெயரும்போது இது தலைகீழாகிறது: மனிதர் அங்கேயே நிற்க, பெயர் அவர்களை விட்டுப் போய்விடுகிறது. ஊரை விட்டு வந்த நமக்கு, ஊரின் பெயர் எவ்வளவு பெரிய துணை என்பது தெரியும். ஆகையால் நாம் விட்டுவந்த ஊர்களின் பெயர்களை அணிகள் தாங்கும்போது மகிழ்வதோடு நின்றுவிடாமல், அப்பெயர்கள் கைமாறாமல் காக்கப்படுகின்றனவா என்றும் கேட்போம். எங்கிருந்து கேட்டாலும் அது நம் ஊருக்கு நாம் செய்யும் ஒரு பணியே ஆகும்.